கீழே வைத்த காபி

காபி விஷயத்தில் நான் கொஞ்சம் மோசமான ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் திட்டுவதற்கு வசதியாக இருக்கும்.

பெங்களூரில் ஆறு வருஷம் வேலை பார்த்தபோது பிடித்த பழக்கம் இது. அப்பா இறந்ததும் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி அவருடைய உரக்கடையில் உட்கார்ந்தேன். வேலையை விட முடிந்தது, காபியை விட முடியவில்லை. வெள்ளிமலைப் பக்கம் மிளகுக் கொடிகளுக்கு நடுவே காபிச்செடி வைத்திருக்கும் ஒருவர் கடைக்கு உரம் வாங்க வருவார். பழுத்த பழமாக மட்டும் பறித்து, மண்ணில் போடாமல் வலைக் கட்டிலில் காயவைத்துக் கொடுங்கள், விலை கூடுதலாகவே தருகிறேன் என்று அவரைப் பிடித்துக்கொண்டேன். "காப்பிக்கொட்டைக்குக் கட்டிலுங்களா?" என்று சிரித்தார். ஆனாலும் சொன்னபடி செய்து கொடுத்தார். அவர் மட்டும் டீதான் குடிப்பார்.

மாதம் ஒருமுறை கச்சிராயபாளையம் வழியாக வண்டியில் மலையேறிப் போய் வாங்கி வருவேன். நானே வாணலியில் வறுப்பேன், கையால் அரைப்பேன், சின்னத் தராசில் எடை போடுவேன். பால் இல்லை, சர்க்கரை இல்லை. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்த மாதிரி ஓர் இனிப்பு கடைசியில் நாக்கில் நிற்கும். கடைக்கு வருகிற விவசாயிகள், "இன்னா முதலாளி, யூரியா எட போடறதவிட இதுக்கு ஜாஸ்தி நேரம் ஆவுதே" என்று கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். எனக்கு அந்த ஒரு கோப்பை போதும்.

அதோடு நின்றிருந்தால் நல்லவன். நிற்கவில்லை. ஊருக்கு ஊர் கிளை திறந்து ஒரே மாதிரி பலகை மாட்டியிருக்கிற பெரிய காபிக் கடைகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. கருகின கொட்டையைப் பாலில் ஒளிக்கிறான், பாலைச் சர்க்கரைப் பாகில் ஒளிக்கிறான், நாம் காசு கொடுத்து அந்த ஒளிக்கிற வேலையை வாங்கிக் குடிக்கிறோம் என்று கேட்பவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டுக் கேட்டு என் தங்கைக்கு அது மனப்பாடம்.

தங்கைக்கு முப்பத்திரண்டு வயது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறாள். இரண்டு சம்பந்தம் பேசி, இரண்டும் ஜாதகத்தைச் சொல்லித் தட்டிப் போயின. மூன்றாவதாக எலவனாசூர்கோட்டையிலிருந்து ஓர் இடம் வந்தது. பொருத்தம் பார்த்தாயிற்று, அவர்கள் வந்து பெண் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொல்லியும் அனுப்பியாயிற்று. பையனும் தங்கையும் போனில் பேச ஆரம்பித்தார்கள். மாடியிலிருந்து அவள் சிரிப்புச் சத்தம் கேட்கும். அப்பா போனதிலிருந்து எங்கள் வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு இல்லை. அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரே ஒரு வில்லங்கம். அந்தப் பையன் உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கும் அந்த மாதிரி ஒரு கிளைக் காபிக் கடையில்தான் மேலாளர்.

நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை காலையில், தங்கை என் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டே சொன்னாள்: "ண்ணா, அங்க போயி காபி கீபின்னு உன் புராணத்த ஆரம்பிக்காத. உனுக்குப் புண்ணியமாப் போவும். எனுக்கு அவர ரொம்பப் புடிச்சிருக்கு."

"நான் வாயே தெறக்கல போதுமா?" என்றேன். அந்த வாக்கை நான் காப்பாற்றவும் செய்தேன். வந்த வினையே அதுதான்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால், பிடித்திருந்தால்தான் கை நனைப்போம். பிடிக்கவில்லை என்றால் யாரும் அதை வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். கொடுத்ததைத் தொடாமல் எழுந்துவிடுவார்கள், அவர்களும் புரிந்துகொள்வார்கள். இரண்டு பக்கமும் மரியாதை கெடாது. முதலில் எடுக்க வேண்டியவர் பெண்ணின் அப்பா. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன். அவன் குடித்தால் அவனோடு வந்தவர்களும் குடிப்பார்கள். இது எனக்குத் தெரியாததா என்ன? நன்றாகத் தெரியும்.

நான், அம்மா, தாய்மாமன் மூன்று பேர் போயிருந்தோம். நல்ல வீடு. கொல்லையில் மாடு, பக்கத்திலேயே அவர்களுடைய கரும்பு வயல். பையனின் அப்பா என்னிடம் கரும்புக்கு எந்த உரம் போடலாம் என்று கேட்டார், என் அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டிய மரியாதையோடு கேட்டார். எனக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. இந்த இடத்தை முடித்துவிட வேண்டியதுதான் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போது பையனே தட்டோடு வந்தான். தட்டில் டம்ளர் இல்லை. அவன் கடையின் மூடி போட்ட காகிதக் கோப்பைகள். எங்களுக்காகவே கடையிலிருந்து தூளும் பாகும் கொண்டுவந்து அடுப்படியில் நின்று தானே போட்டிருக்கிறான். "எங்க கடையில இதுக்குத்தாங்க மவுசு ஜாஸ்தி. எடுத்துக்கோங்க மச்சான்" என்றான். மச்சான் என்று சொன்னதும் அவனுக்கே வெட்கம் வந்துவிட்டது. அவன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

நான் ஒரு வாய் குடித்தேன். ஏதோ பாதாம் மாதிரியான கொட்டையின் எசன்ஸ் வாடை, அதன்மேல் சர்க்கரை, அதற்கும் அடியில் கருகல். குடிக்க முடியாத பொருளா? இல்லை. மருந்தென்று நினைத்து ஒரே மடக்கில் இறக்கியிருக்கலாம். எத்தனை பேர் வீட்டில் எத்தனை கண்ணராவியைச் சிரித்துக்கொண்டே தின்றிருக்கிறேன்! ஆனால் அந்த நிமிஷம் என் நாக்குக்கு வந்த கொழுப்பு, அந்த ஒரு வாயை முழுங்கிவிட்டுக் கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டேன். அப்புறம் குடித்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்திருப்பேன். சத்தியமாக ஞாபகம் இல்லை.

மாமா உதட்டுக்குக் கொண்டுபோன கோப்பையை அப்படியே நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். நான் எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். அவரும் தட்டில் வைத்தார். அம்மா மாமாவைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதையும் வைத்தாள். பேச்சு மழைப் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்துப் பையனின் அம்மா தட்டை எடுக்க வந்தார். காலிக் கோப்பைகள் என்று நினைத்து ஒரு கையால் தூக்கியவர், கனம் தாங்காமல் இன்னொரு கையையும் கொடுத்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

வண்டி ஏறி ஊர் எல்லை தாண்டியதும் மாமா கேட்டார். "இன்னாடா பாத்த? எனுக்கு ஒண்ணும் கொறையாத் தெரியல."

"எதப் பாத்தேன்?"

"காபிய வச்சிட்டியே."

"அதுவா? காபி நல்லா இல்ல மாமா."

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி, வெண்ண தெரண்டு வர்ற நேரத்துல தாழிய ஒடச்சிட்டியேடா!" அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் போகலாம் என்றேன். "போயி? இன்னொரு காபி குடு, குடிக்கிறோம்னு கேப்பியா?" என்றார் மாமா.

சாயங்காலம் மாமா அவர்களுக்குப் போன் செய்தார். பையனின் அப்பா தன்மையாகத்தான் பேசினாராம். "நாங்க புரிஞ்சிக்கினோம்ங்க. வருத்தம் ஒண்ணும் இல்ல. பொண்ணுக்கு நல்ல எடமா அமையும்." மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் அவர் அதற்குமேல் பேசவில்லை.

தங்கை வேலை முடிந்து வந்து, "அவருகிட்ட இன்னா கொற கண்டுட்டீங்க? போனக்கூட எடுக்க மாட்டறாரு" என்று கேட்டாள். அம்மாதான் சொன்னாள். "காபி நல்லா இல்லியாம்." தங்கை அதை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். பிறகு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். அந்தச் சிரிப்பு எப்படி நின்றது என்பதை என்னால் எழுத முடியாது.

மூன்றாம் நாள் நான் தனியாக உளுந்தூர்பேட்டைக்குப் போனேன். லாரிகளும் பஸ்களுமாக இரைச்சல். கடைக்குள் அவன் தொப்பியும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். அன்றைக்குக் கொடுத்த அதே காபியைக் கேட்டேன். அவனே கொண்டுவந்து வைத்தான். அவன் கண்ணெதிரே முழுக்கக் குடித்தேன். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன். வீடு பிடித்திருந்தது, உங்களையும் பிடித்திருந்தது, என் பாழாய்ப்போன நாக்குதான் காரணம் என்றேன். மன்னித்துவிடுங்கள் என்று கையைப் பிடித்தேன்.

அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான். "எங்க கடை வேலைய நீங்க மட்டமா நெனைக்கிறீங்கன்னு அப்பா சொன்னாருங்க. நான்தான், அப்படி இருக்காது, வேற எதனா இருக்கும்னு ரெண்டு நாளாச் சண்ட போட்டுக்கினு இருந்தேன். இப்ப நீங்களே வந்து சொல்லிட்டீங்க." கோப்பையை எடுத்துக்கொண்டு, "வேற எதுனா வேணுமா சார்?" என்று கேட்டான்.

சாட்சி சொல்லப் போய் எனக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டு வந்தேன். தங்கையும் அவனுக்குப் பலமுறை போன் செய்து பார்த்தாள். கடைசியில் ஒருநாள் எடுத்து, வீட்டில் வேறு இடம் முடிவாகிவிட்டது என்று சொன்னானாம். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இப்போது மணலூர்பேட்டையிலிருந்து ஓர் இடம் வந்திருக்கிறது. நேற்று இரண்டு பக்கமும் பேசி, அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போவதென்று முடிவானது. எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று நான் கேட்டேன். தங்கை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"நீ வராதண்ணா. மாமாவும் அம்மாவும் போவட்டும். கேட்டா, அண்ணன் ஊர்ல இல்லன்னு சொல்லிக்கலாம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சரியென்று தலையாட்டிவிட்டு, தங்கையின் சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.