மல்லிச்செடிக்கு ஊற்றிய தண்ணீர்

ஏழெட்டு வருடங்களாக யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கோடையில் என் மனைவி இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அவள் வளர்த்த தோட்டத்தை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவளை வீட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பதறினேன். தறியை நிறுத்திவிட்டு, நான்கு நாள் களை பிடுங்கினேன். மல்லிச்செடி மட்டும் உயிரோடு இருந்தது. கிணற்றிலோ குடிக்கவே தண்ணீர் போதவில்லை. அதனால் சோப்பும் சோடாவும் போட்டுப் பட்டு நூல் அவித்து மீந்த தண்ணீரை ஆறவைத்து, மல்லிக்குத் தினமும் ஊற்றினேன். அவள் வருவதற்குள் செடி கருகிவிட்டது.

வந்ததும் நேரே கொல்லைக்குத்தான் போனாள்.

"இன்னா தண்ணி ஊத்தினீங்க?"

"கிணத்துத் தண்ணிதான்" என்றேன்.

அவள் மெல்லக் குனிந்து, மண்ணைக் கிள்ளி முகர்ந்தாள். எத்தனையோ வருடம் பட்டு அவித்தவளுக்கு அந்த வாசனை தெரியாதா? என் முகத்தைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இன்னாமா, மல்லி கருகிக் கிடக்குது? உங்க வூட்டுக்காரருக்குத் தறியை விட்டா ஒண்ணும் தெரியாதா?" என்று சிரித்தார்.

"அவரு இன்னாக்கா பண்ணுவாரு? இந்த வருசம் வெயிலு அப்படி" என்றாள் என் மனைவி.

ஒரு மாதத்தில் அவள் இறந்துபோனாள். தினமும் கஞ்சி ஊட்டும்போது உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன், சொல்லவில்லை.

இப்போதும் யாராவது வெயிலைக் குறை சொன்னால் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.