இடைவேளையில் எழுந்துவிடுகிறவர்

திரையில் ‘இடைவேளை’ என்ற எழுத்து முழுதாக வந்து நிற்பதற்குள் இசக்கிதுரை அண்ணாச்சி எழுந்துவிடுவார். பாப்கார்ன் வாங்கத்தான் போகிறார் என்று வரிசையில் இருப்பவர்கள் காலை ஒதுக்கி வழிவிடுவார்கள். மனிதர் திரும்பி வரமாட்டார். நேரே வாசலுக்கு வந்து, பஸ் பிடித்து, தாராவிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். அவரோடு எத்தனையோ படத்துக்குப் போயிருக்கிறேன், திரும்பும்போது எப்போதும் தனியாகத்தான் திரும்பியிருக்கிறேன்.

வயது அறுபத்து நான்கு. தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய சந்தில் பள்ளிக்கூடப் பைகள் தைக்கிறார். கீழே மெஷின், மேலே குடித்தனம், நடுவே ஓர் இரும்பு ஏணி. முப்பது வருடமாக ஏறி இறங்கியும், ஏணியின் மூன்றாம் படியில் நின்று மேல்தளத்து விளிம்பில் தலை இடித்துக்கொண்டு, “அடச்சை, நேத்து இது இங்க இல்லயே” என்பார். வெள்ளிக்கிழமை ஆனால் என்னிடம், “என்ன வே, நம்ம பாஷையில ஏதும் வந்திருக்கா?” என்று கேட்பார். டிக்கெட் எடுத்துத் தருவது என் வேலை. அவர் மனைவி பேராச்சி அக்காவுக்கு அதில் தீராத வருத்தம். “பாதிப் படம் பாக்குத மனுசனுக்கு முழு டிக்கெட்டு எதுக்கு?” என்று ஏணியின் மேலிருந்து குரல் வரும்.

நியாயமான கேள்விதான். அண்ணாச்சியின் பழக்கமே பாதி டிக்கெட்டில் வந்தது. அவர் சிறுவனாக இருந்தபோது மாட்டுங்காவில் ஒரு தியேட்டரில் ஞாயிறு காலைகளில் தமிழ்ப் படம் போடுவார்கள். அப்பா தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தார். வீட்டில் இரண்டு பையன்கள், கிடைப்பதோ ஒரு டிக்கெட். அந்தக் காலத்தில் இடைவேளையில் வெளியே போகிறவர்களுக்குக் கையில் ஓர் அட்டை கொடுப்பார்கள். அதைக் காட்டினால் மறுபடி உள்ளே விடுவார்கள். அண்ணன் அட்டையோடு வெளியே வருவார். வாசலில் காத்திருக்கும் தம்பி மாரிசெல்வம் அதை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடுவார். அண்ணனுக்கு முன்பாதி, தம்பிக்குப் பின்பாதி.

படம் விட்டதும் இருவரும் தண்டவாளத்தின் மேலிருந்த நடைபாலம் ஏறி வீட்டுக்கு நடப்பார்கள். பாலத்தின் பாதிவரை அண்ணன் கதை சொல்ல, மீதியைத் தம்பி சொல்வார். “முன்பாதிய நீங்க ஏன் எடுத்துக்கிட்டீங்க?” என்று ஒருமுறை கேட்டேன். “முடிவு தெரியலன்னா சின்னவன் தூங்கமாட்டான் வே. நான் எப்படியும் தூங்கிருவேன்” என்றார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தம்பிக்கு அண்ணன் வருத்தப்படுவது பிடிக்காது. அதனால் சோகமான முடிவுகளையெல்லாம் பாலத்திலேயே மாற்றிவிடுவார். கதாநாயகி செத்துப்போன படத்தில் கல்யாணம் நடக்கும். ஜெயிலுக்குப் போனவன் அடுத்த காட்சியில் விடுதலையாவான். பெரியவனான பிறகு யாரோ உண்மையைச் சொல்லித்தான் அண்ணாச்சிக்குத் தெரியவந்தது. “பத்து வருசமா அந்தப் பிள்ள பொண்டாட்டி பிள்ளையோட சொகமா இருக்கான்னு நெனச்சிட்டிருந்தேன், அவன கிளைமாக்ஸ்லயே குத்திட்டாங்களாம்!” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்படிச் சிரிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும்.

அப்பா நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தபோது அண்ணாச்சி ஒன்பதாம் வகுப்பு. புத்தகத்தை வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தார். தம்பி படித்தார், டிப்ளமா முடித்தார், வேலை கிடைத்து அணுசக்தி நகரில் குவார்ட்டர்ஸுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தாராவிக்கு வந்துவிடுவார். ஒன்பது வருடத்துக்கு முன் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. அன்றோடு பேச்சு நின்றது. வந்திருந்த ஆபீசர்களிடம் அண்ணனைக் காட்டி, ‘இவர் எங்கள் ஊர்க்காரர்’ என்று தம்பி சொல்லிவிட்டாராம். அண்ணாச்சி சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டாராம். சந்து முழுக்க இதுதான் பேச்சு. நானும் நம்பினேன், தம்பியை வாயாரத் திட்டியும் இருக்கிறேன்.

பிறகு தம்பி மகனின் கல்யாணப் பத்திரிகை வந்தது. அழைப்பவர்கள் பட்டியலில் முதல் பெயர், ‘பெரியப்பா இசக்கிதுரை’. அண்ணாச்சி அதை மெஷின் மேல் ஒரு வாரம் வைத்திருந்தார். கல்யாணத்துக்குப் போகவில்லை. “பேப்பர்ல போட்டா ஆச்சா? அன்னைக்கில்ல வாயத் தொறந்திருக்கணும்” என்றார்.

போன மாதம் ஒரு சேதி வந்தது. தம்பிக்கு ரிட்டயர்மெண்ட். மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மகனோடு பெங்களூர் போகிறார். சேதி சொன்னவரிடம் அண்ணாச்சி, “போவட்டும்” என்று மட்டும் சொன்னார். அன்று தைத்த நாலு பைகளில் வார் தலைகீழாக இருந்தது.

அந்த வாரம் பார்த்துத்தான் குர்லாவில் அந்தப் படம் வந்தது. என்ன கதை என்று தெரியாமல் நானும் டிக்கெட் எடுத்துத் தொலைத்தேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தம்பியைப் படிக்கவைக்கிறான் ஓர் அண்ணன். தம்பி அதிகாரி ஆகிறான். ஒரு விருந்தில் மேலதிகாரி, “இவர் யார்?” என்று கேட்க, தம்பி சொல்கிறான், “எங்க ஊர்க்காரர் சார்.” அண்ணன் முகம். இடைவேளை.

விளக்கு எரிந்தது. எனக்கு அவர் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. வழக்கம்போல எழுந்து போய்விட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, வெறும் திரையைப் பார்த்தபடி இருந்தார். பின்பாதி முழுவதும் இருந்தார். கடைசியில் தம்பி ஓடிவந்து அண்ணன் காலில் விழுந்து அழ, தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. நான் அழுதேன், வெட்கமென்ன இதில். அவர் மட்டும் அழவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெகுநேரம் கழித்துச் சொன்னார்: “படத்துல வசதி வே. தப்பு பூரா தம்பி மேல போட்டுட்டான்.”

“உங்க வீட்லயும் அப்படித்தான அண்ணாச்சி?”

“அவன் சொல்லல வே. நாந்தான் சொன்னேன்.”

நான் அவர் பக்கம் முழுதாகத் திரும்பினேன்.

“ஒரு ஆபீசர் கைய நீட்டுனாரு. நீங்க யாருன்னு கேட்டாரு. எங்கையப் பாத்தேன், நகத்துல பூரா பை ஒட்டுத சொலூஷன் கறுப்பு. படக்குன்னு, நான் இவங்க ஊர்க்காரன் சார்னுட்டேன். மாரி பக்கத்துலதான் நின்னான். ‘இல்ல சார், எங்க அண்ணன்’னு ஒத்த வார்த்த சொல்லுவான்னு பாத்தேன். தெகச்சுப்போயி நின்னுட்டான். அதான் கோவம்.” ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: “அவன் சொன்னான்னு ஊரே பேசிச்சு. நான் இல்லன்னு சொல்லல. ஒம்பது வருசமா ஏச்சு பூரா அவன் வாங்குதான். ஒருத்தங்கிட்டகூட நாந்தான்னு அவன் சொல்லல, பாத்தீரா?”

தம்பி வாங்கிய ஏச்சில் என் பங்கும் இருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

மறுநாள் காலை ஜிப் மாற்றக் கொடுத்திருந்த என் பையை வாங்கப் போனேன். அண்ணாச்சியின் ஒரு கையில் சொலூஷன் பிரஷ். போனைத் துணிக்கட்டின் மேல் வைத்து, சுண்டுவிரலால் எண்களைத் தட்டி, ஸ்பீக்கரைப் போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்தது ஒரு பெண்குரல். அவர் போகாத கல்யாணத்தின் மருமகளாக இருக்கவேண்டும்.

“ஹலோ, கௌன் போல் ரஹா ஹை?”

யார் பேசுவது என்று கேட்கிறாள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

“ஹலோ? கௌன்?”

வைத்துவிடப் போகிறாள். ‘சொல்லுங்க அண்ணாச்சி’ என்று என் மனம் கிடந்து தவித்தது.

“மாரிசெல்வம் கா படா பாய்,” என்றார். பிறகு இன்னும் உரக்க, தமிழிலும் சொன்னார்: “அவனோட அண்ணன்மா. கூடப்பொறந்த அண்ணன்.”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ அவசரமாக நடந்து வரும் சத்தம்.

இசக்கிதுரை அண்ணாச்சி பிரஷ்ஷைக் கீழே போட்டார். கையை லுங்கியில் கூடத் துடைக்காமல் போனை எடுத்து, ஸ்பீக்கரை அணைத்து, காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.