கீழ்த்தளத்தில் ஈரம்

வேலுமணி செய்த வேலை எதுவும் யார் கண்ணிலும் படாது. எல்லாம் மண்ணுக்குக் கீழே. தாராபுரத்துக்காரர், நாற்பத்தொரு வயது. கட்டடங்களின் கீழ்த்தளச் சுவர்களில் தண்ணீர் புகாமலிருக்க வரைபடம் போடும் எஞ்சினியர். அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் அவர் வீட்டுப் பின்னறையில் நான் இரண்டு வருடமாக வாடகைக்கு இருக்கிறேன்.

பதினொரு வருடமாக ஒரே கம்பெனி. கிரீன் கார்டு வரிசையில் அவர் நிற்பதும் அந்தக் கம்பெனியின் பெயரில்தான். வேலை போனால் இந்த நாட்டில் இருக்க அறுபது நாள்தான். அதற்குள் இன்னொரு வேலை, இல்லாவிட்டால் ஊருக்கு விமானம். அந்த வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மலையடிவாரத்தில் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்காகப் புதிதாக எழுந்த ஆலயத்துக்குக் கீழ்த்தளம் வரைந்தவர் அவர்தான். மார்ச் மாதத்தில் ஆலயத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பிரதிஷ்டை வரைக்கும் யாரும் போகலாம். அதற்குப் பிறகு அவர்கள் சபையில் தகுதி பெற்றவர்களுக்கு மட்டும்தான் கதவு.

"கும்பாபிஷேகம் மாதிரிதான். ஆனா முடிஞ்சப்புறம் நம்மள உள்ள விடமாட்டாங்க," என்றார் அவர் மனைவி சண்முகப்ரியா. கடைசிச் சனிக்கிழமை, அவர்கள் மகள் வெண்பாவையும் கூட்டிக்கொண்டு நால்வரும் கிளம்பினோம். இரண்டு வாரம் விடாமல் பெய்த மழை அன்றுதான் நின்றிருந்தது.

வாசலில் தொண்டர்கள் ஒவ்வொருவர் ஷூவுக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வேலுமணி அதற்குள் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். கோயில் என்று சொன்னதும் கை தானாகப் போய்விட்டது. உறையுடன் குனிந்த கிழவர் சிரித்து, பரவாயில்லை என்று தலையாட்டினார்.

"ஊரே கவர் போட்டுட்டு நிக்குது, நீங்க மட்டும் சாக்ஸ்ல. அதுலயும் ஓட்டை," என்றார் சண்முகப்ரியா.

"சாமிக்குத் தெரியாத ஓட்டையா?"

கீழ்த்தளத்தில் ஞானஸ்நானத் தொட்டி. பன்னிரண்டு கல்மாடுகள், திசைக்கு மூன்றாக வெளியே பார்த்து நின்று, தொட்டியை முதுகில் தாங்கிக்கொண்டிருந்தன. இறந்துபோனவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் இங்கே முழுகி எழுவார்கள் என்று வழிகாட்டி அம்மாள் மெல்லிய குரலில் சொன்னார். பெரும்பாலும் பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகள். தண்ணீர் அசையவே இல்லை.

அடுத்தது உடைமாற்றும் அறைகளுக்குப் போகும் தாழ்வாரம். கம்பளம் விரித்திருந்தார்கள். அங்கே வேலுமணி நின்றார். இடது காலைத் தூக்கி வைத்தார். மறுபடி அதே இடத்தில் வைத்து அழுத்தினார்.

"என்னாச்சு?" என்றார் சண்முகப்ரியா.

"ஒண்ணுமில்ல. நட."

அவர் நடந்த வழியில் ஒற்றைக்கால் ஈரத்தடம் கறுப்பாகப் பதிந்திருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டவர்கள் அதன்மேல் மிதித்துப் போனார்கள்.

மேலே போகப் போக வெளிச்சம் கூடும்படி அந்த ஆலயத்தை அமைத்திருந்தார்கள். ஜன்னல்கள் உயரமாக, ஒடுங்கி இருந்தன. ஒளி வரும், வெளியே எதுவும் தெரியாது. கல்யாண அறையில் எதிரெதிராகக் கண்ணாடிகள். முடிவில்லாத வெண்பாக்களைப் பார்த்து வெண்பா கையாட்டினாள். தூரத்து வரிசைகளில் எங்கள் முகங்கள் பச்சையாகிக்கொண்டே போயின. அவர்களுடைய தலைமை ஆலயமான சால்ட் லேக் ஆலயத்தைக் கட்டி முடிக்க நாற்பது வருடம் ஆனது என்றார் வழிகாட்டி அம்மாள். நடுவே அஸ்திவாரத்தில் விரிசல் கண்டு, கற்களைப் பெயர்த்துவிட்டு மறுபடி வைத்தார்களாம். உச்சியிலிருந்த வெள்ளை அறையில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வேலுமணி மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் ஏறியதும் ஈர சாக்ஸைக் கழற்றினார்.

"தொட்டித் தண்ணியா இருக்கும்," என்றார் சண்முகப்ரியா.

"தொட்டி அந்தப் பக்கம். இது மலைத் தண்ணி. போன வருஷம் சைட்ல ஒரு பைப்பை ஒம்போது இன்ச் தள்ளி வெச்சுக்கலாமான்னு கேட்டாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம். சரின்னு சைன் பண்ணிட்டேன். பைப் சுவத்தைத் தாண்டுற புது இடத்துல தண்ணி அடைக்கறதுக்கு டிராயிங்கை மாத்தல."

வீட்டுக்கு வந்ததும் மேனேஜர் பாலசுப்ரமணியனுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"கார்ப்பெட்ட ஷாம்பூ போட்டுக் கழுவியிருப்பாங்க, வேலு."

"இல்லீங்க சார். சில்லுன்னு இருந்துது. சுவத்தோரமாத்தான்."

"அடுத்த சண்டே டெடிகேஷன். இப்பப் போயி ஏன் சொறிஞ்சு விடறே? மழைக்காலம் போகட்டும், தானா காஞ்சுடும்."

"காஞ்சா அடுத்த மழைக்கு வருமுங்க சார். அதுக்குள்ள கதவைச் சாத்திருவாங்க. யாரு போயிப் பாக்கறது?"

மேனேஜரின் குரல் மிகவும் அன்பாக மாறியது: "கிளையன்டுக்கு நேரா மெயில் போயிடப் போகுது, பாத்துக்கோ. உன் கிரீன் கார்டு பேப்பர்ஸ் எல்லாம் எங்கிட்டதான் இருக்கு. நல்லபடியா முடியணும்ல?"

போன் அணைந்தது. சமையலறையில் குக்கர் விசில் அடித்தது, யாரும் எழவில்லை.

"அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்னங்க இருக்கு?" என்றார் சண்முகப்ரியா.

"எலக்ட்ரிகல் ரூம்."

"தொட்டியில எறங்கறது?"

"பசங்க. நம்ம வெண்பாவை விட மூணு வயசு பெருசு."

சண்முகப்ரியா எழுந்தார். உள்ளே போய் லேப்டாப்பை எடுத்து வந்து கணவர் முன் வைத்துவிட்டு, குக்கரை இறக்கப் போனார்.

ஆலயத் தரப்புப் பொறுப்பாளருக்கு ஞாயிறு காலையில் மெயில் போனது. எட்டு வரி. தப்பு என்னுடையது என்பது முதல் வரி. இருபது நிமிடத்தில் பதில் வந்தது: திங்கள் காலை ஆறு மணிக்கு வரவும், வரைபடத்துடன்.

திங்கள் அன்று நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கம்பளத்தை உரித்தார்கள். அடியில் கான்கிரீட் கறுத்திருந்தது. சுவர்ப்பலகையை அறுத்தபோது உள்ளே ஒரு சாண் உயரத்துக்கு நீர்க்கோடு. எலக்ட்ரிகல் அறையில் பேனல் பெட்டியின் அடிப்பக்கம் துருவேறி, தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கீழ்த்தளம் முழுக்க மின்சாரத்தைத் துண்டித்தார்கள். பிரதிஷ்டையைத் தேதி சொல்லாமல் தள்ளிவைத்தார்கள். பொறுப்பாளர் வேலுமணியின் கையைப் பிடித்து வெகுநேரம் விடவில்லையாம்.

அன்று சாயங்காலம் வேலுமணியின் போனில் ஒரு மீட்டிங் அழைப்பு வந்தது. செவ்வாய், பத்து மணி. பாலசுப்ரமணியனும் எச்.ஆர். பெண்மணியும். பதினைந்து நிமிடம்.

"பதினஞ்சு நிமிஷத்துல என்ன பேசிருவாங்க?" என்றார் சண்முகப்ரியா.

"அவங்க மட்டும்தான் பேசுவாங்க."

வெண்பா வரவேற்பறைத் தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வேலுமணி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த பள்ளி நாள்காட்டியின் முன் நின்று, செவ்வாயிலிருந்து விரல் வைத்து வாரம் வாரமாக எண்ணினார். அறுபது நாள் மே மாதத்திலேயே முடிந்துவிட்டது. பள்ளி ஜூன் பத்து வரைக்கும் இருந்தது.