செக்குல தெளிச்ச தண்ணி

விழுப்புரத்துல அம்மா வீட்டுக்குப் போயிட்டு பஸ்ல திரும்பி வந்துக்கினு இருந்தப்பதான் அந்த ரீல் என் போனுக்கு வந்துச்சு. நாத்தனார் அனுப்பியிருந்தா. கூடவே ஒரே ஒரு வரி: "இன்னா அண்ணி இது?"

தொறந்து பார்த்தா எங்க செக்கு. எங்க வீட்டுக்காரரோட கை. முகம் தெரியல. சொம்புலேர்ந்து தண்ணியை அள்ளி, செக்குல ஆடுற மல்லாட்டை மேல, அதான் வேர்க்கடலை மேல, தெளிக்கிறாரு. மேல செவப்பு எழுத்துல, "சுத்தமான மரச்செக்கு எண்ணெய்னு சொல்லிட்டு தண்ணி கலக்குறாங்க, உஷார்!" எடுத்தது யாருன்னு பார்த்தா, முந்தின நாள் காரை நிறுத்தி எண்ணெய் வாங்கிக்கினு போன சென்னைக்கார அம்மா. எவ்ளோ நல்லா சிரிச்சிப் பேசிட்டுப் போச்சு! எனக்கு வந்த ஆத்திரத்துல பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உக்காந்துட்டாரு.

மல்லாட்டை ஆட்டுறப்ப கொஞ்சம் தண்ணி தெளிச்சாதான் எண்ணெய் பிரிஞ்சி வரும். இல்லன்னா மாவு மாதிரி சுத்திக்கினே கெடக்கும். அந்தத் தண்ணியைப் புண்ணாக்கு இழுத்துக்கும். ஒட்டிக்கினு இருக்குற ஈரம், எண்ணெயை வெயில்ல வெச்சித் தெளியவிடுறப்ப போயிடும். எங்க பக்கத்துல இது சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனா ரீல் பார்க்குற ஜனத்துக்கு எப்படித் தெரியும்?

விக்கிரவாண்டி டோல்கேட்ல பஸ் நின்னப்ப கமெண்ட்டைப் படிச்சேன். படிக்காம இருந்திருக்கலாம். "திருட்டுப் பசங்க"ன்னு ஒருத்தன். "நானும் இங்கதான் வாங்குனேன், அதான் வயிறு சரியில்லயா"ன்னு இன்னொரு மகராசி. போனைப் பைக்குள்ள போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். டிரைவர் மேல கோவம், முன்னாடி நின்ன லாரி மேல கோவம்.

எங்க வீட்டுக்காரர் ஒரகடத்துல ஒரு கம்பெனியில வேலை பார்த்தாரு. வாரத்துக்கு ஒரு தடவ மனுஷன் மூஞ்சியப் பார்ப்பேன், அதுலயும் பாதி நேரம் தூங்குவாரு. அத வுட்டுட்டு வந்துதான் கூட்டேரிப்பட்டுல ரோட்டோரமா செக்கு போட்டாரு. செக்கு ஓடுனா அவரு இங்க. ஓடலன்னா மறுபடி ஒரகடம். ஓட வெச்சது நான் நடத்துற இன்ஸ்டா பக்கம்தான், இதைச் சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல. வெளியூரு ஆர்டரெல்லாம் அந்தப் பக்கத்தைப் பார்த்துதான் வரும். திண்டிவனத்துல எங்க வீட்லேர்ந்து பார்சல் போட்டு அனுப்புவேன்.

உள்ளூர்க்காரங்க கதையே வேற. அவங்க சொந்த மல்லாட்டையைக் கொண்டாந்து ஆட்டிக்கினு போவாங்க. குடுத்துட்டுப் போனோமா, அப்புறமா வந்தோமான்னு இருக்க மாட்டாங்க. செக்கு பக்கத்துலயே சப்பணம் போட்டு உக்காந்துடுவாங்க. நம்ம சரக்கை இவங்க மாத்திட்டான்னு பயம். டீக்குக் கூப்ட்டாலும் எழுந்திரிக்க மாட்டாங்க. மூச்சுக்கு ஒரு தரம், "எங்கூட்டுது ஆச்சா?" எனக்குப் பத்திக்கினு வரும். "இன்னாக்கா, உன் மல்லாட்டையைத் தூக்கிக்கினு ஓடிடவா போறோம்?"னு கேப்பேன். "ஓட மாட்டீங்கம்மா. இருந்தாலும் இருக்கேன்"னு சொல்லுவாங்க.

கூட்டேரிப்பட்டுல எறங்கி செக்குக்கு ஓடுனேன். மெஷின் நின்னுபோயிருந்துச்சு. அவரு கவுத்த டின் மேல உக்காந்திருந்தாரு.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா?"

சொன்னேன். எங்க வீடியோவுல எல்லாம் இருக்கும். வெயில்ல காயுற பருப்பு, சுத்துற ஒலக்கை, தகதகன்னு எறங்குற எண்ணெய். தண்ணி தெளிக்கிறது மட்டும் இருக்காது. "அத வெட்டிடும்மே, ஜனங்க தப்பா நெனச்சிக்கும்"னு அவரு ஒத்தக் கால்ல நின்னாரு. இதையும் காட்டிடலாம்னு நான் கத்திப் பார்த்தேன், கேக்கல. வெட்டி வெட்டி அழகாத்தான் போட்டோம்.

அப்பவே போன் அடிச்சுது. தீபாவளிக்கு மொத்தமா வாங்குறோம்னு சொல்லியிருந்த சென்னை அபார்ட்மெண்ட்காரங்க. "கொஞ்சம் யோசிச்சி சொல்றோம் மேடம்." நேத்து வரைக்கும் நான் அவங்களுக்கு சிஸ்டரு. அந்த மேடம்ன்ற வார்த்த என்னைச் சுருக்குன்னு குத்துச்சு. போனை வெச்சதும் இவரு மெதுவா, "பழைய கம்பெனி சூப்பர்வைசர்கிட்ட ஒரு வார்த்த பேசி வெக்கட்டுமா?"ன்னாரு. வந்துச்சு பாருங்க எனக்கு! "பேசுங்க, பொட்டியும் கட்டித் தர்றேன்"னு சொல்லிட்டு, உள்ள போயி அழுதேன்.

மறுநாள் காலையில லைவ் போட்டேன். தண்ணி எதுக்கு, எவ்ளோ, அது எங்க போவுதுன்னு எல்லாத்தையும் சொன்னேன். நெறைய பேர் பார்த்தாங்க. அந்த அம்மாவும் வந்துச்சு. ஒரே ஒரு கேள்வி எழுதுச்சு: "தப்பு இல்லன்னா, பழைய வீடியோ ஒண்ணுலகூட இதைக் காட்டலையே, ஏன்?"

நியாயமான கேள்வி. பதில் எனக்குத் தெரியும். புருஷனை நாலு பேர் முன்னாடி எப்படிக் காட்டிக் குடுக்குறது? கல்யாண போட்டோவுலயே தலையைக் குனிஞ்சிக்கினு நின்ன மனுஷன் அவரு. லுங்கியில கையைத் தொடச்சிக்கினு கேமரா முன்னாடி வந்தாரு.

"நான்தாங்க வெட்டச் சொன்னேன். நீங்கெல்லாம் தப்பா நெனைப்பீங்கன்னு பயந்துட்டேன்."

அவ்ளோதான் பேசுனாரு.

அன்னிக்குப் பூரா எனக்கு நெலகொள்ளல. அந்த ரீலை எடுத்துட்டாங்களான்னு பார்த்துக்கினே இருந்தேன். எடுக்கல. ஆர்டரும் இல்ல. சாயங்காலம் கிளியனூர்லேர்ந்து ஒரு அக்கா மூட்டையோட வந்து, வழக்கம்போல உக்காந்துக்கினு, "எங்கூட்டுது ஆச்சா?"ன்னுச்சு. சள்ளுனு விழலாம்னு திரும்புனவ அப்படியே நின்னுட்டேன். இந்த அக்கா என்னிக்கு எங்கள நம்புச்சு? நம்பவே இல்ல. ஆனா வருஷா வருஷம் இங்கதான வருது! உக்காந்து பாக்க வுடுறோம், அதனால வருது.

மறுநாள் போனை அலமாரியில கம்பி வெச்சிக் கட்டி, லைவை ஆன் பண்ணிட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டேன். பாட்டு இல்ல, பேச்சு இல்ல, எதையும் வெட்டல. "இத எவன் பாப்பான்?"னாரு இவரு. பத்து பேர் வந்தாங்க, போனாங்க. மத்தியானத்துக்கெல்லாம் பார்க்குறவங்க எண்ணிக்கை ஒண்ணுன்னு காட்டுச்சு. யாருன்னு பார்த்தேன். அதே சென்னைக்கார அம்மா.

சாப்பிட்டு வந்து பார்த்தேன், அந்த அம்மா அப்பவும் இருந்துச்சு. மல்லாட்டை ஆட்ட வந்த பொம்பளைங்க ரெண்டு பேர் செக்குக்கு இந்தப் பக்கம் உக்காந்து ஆச்சா, ஆச்சான்னு என் உசுர வாங்கிக்கினு இருந்தாங்க. அதையும் அது கேட்டுக்கினுதான் இருந்திருக்கணும். அப்புறமா ஒரு வரி வந்துச்சு: "அவங்க முடிச்சதும் எங்க வீட்டுக்கு ஆட்டுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

ரீலை இன்னும் எடுக்கல. அபார்ட்மெண்ட்காரங்களும் கூப்பிடல. இவரு புதுப் பருப்பைக் கொட்டி மெஷினைப் போட்டாரு. சொம்பைத் தூக்குன கை கேமரா பக்கம் திரும்பி ஒரு நிமிஷம் தயங்குச்சு. அப்ப போன்ல இன்னொரு வரி.

"இன்னா சொல்லுது?"ன்னாரு.

படிச்சேன். "எங்கூட்டுது ஆச்சா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. அவரு குனிஞ்சி, தண்ணியை நல்லாத் தெரியுற மாதிரி அள்ளித் தெளிச்சாரு.

"இன்னும் ஆவலன்னு சொல்லு"ன்னாரு. "உக்காரச் சொல்லு."