சம்ப்பைச் சுற்றிப் போட்ட நாற்காலிகள்

இரண்டு பேர் குரலை உயர்த்தினால் இன்றைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நழுவிவிடுவேன். பேருந்தில் சீட்டுக்காக யாராவது மல்லுக்கு நின்றால், எனக்கு எந்த ஊர் போகவேண்டியிருந்தாலும் சரி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன். எட்டாம் வகுப்போடு நான் படிப்பை விட்டதற்கு வீட்டில் ஏதேதோ காரணம் சொல்வார்கள். வகுப்பில் பிள்ளைகள் அடித்துக்கொள்வதைப் பார்க்கப் பயந்ததும் ஒரு காரணம் என்பது எனக்கு மட்டும் தெரியும். இப்படிப்பட்டவள் வீட்டில்தானா அப்பாவும் பெரியப்பாவும் மண்டை உடைய அடித்துக்கொள்ள வேண்டும்?

மர்பி டவுனில் எங்கள் இரண்டு வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் எதிரெதிரே இருந்தன. நடுவில் சிமெண்டுத் தளம். அதற்கடியில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான தண்ணீர்த் தொட்டி. பெங்களூரில் அதை சம்ப்பு என்பார்கள். காவேரித் தண்ணீர் வந்து சம்ப்பு நிறைந்ததும் ஒரு நாள் பெரியப்பா வீட்டு மோட்டார் முதலில் ஓடும், மறுமுறை எங்களுடையது. எழுதி வைக்காத முறை, ஆனால் யாரும் மீறியதில்லை. பெரியப்பா மகளைப் பெண் பார்க்க வந்த அன்று காலையில் அப்பா அதை மீறினார். பெரியப்பாவின் முறை அன்று. அப்பா மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை எங்கள் வீட்டுக்கு ஏற்றிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருக்க, கை கழுவக்கூட அங்கே தண்ணீர் இல்லை. அவர்கள் போன கையோடு பெரியப்பா ஸ்பேனரை எறிந்தார். அப்பாவின் நெற்றியில் தையல் போட்டார்கள்.

அதற்குப் பிறகு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. ஆனால் ஒரே சம்ப்பு அல்லவா, பேசாமல் எப்படி முடியும்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீர் வந்தால் அப்பா முற்றத்தில் நின்று, ஆகாயத்தைப் பார்த்து, கன்னடத்தில் “நீரு பந்து” என்பார். தண்ணீர் வந்தது என்று அர்த்தம். எதிர்வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து “ஆயித்து”, அதாவது சரி, என்று பெரியப்பாவின் குரல் வரும். கன்னடத்தில் பேசினால் அது பேச்சில் சேராது என்பது இருவருக்கும் உடன்பாடு. சண்டை போட்டவர்கள் இந்த ஒரு விஷயத்தில் எப்படி ஒத்துப்போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பெண் பார்த்துப் போன இடமே அக்காவுக்கு நிச்சயமானது. பத்திரிகை அடித்தார்கள், அப்பாவின் பெயர் அதில் இல்லை. அப்பா கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றார். அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் இத்தனைக்கும் காரணம் நான்தான் என்பது எனக்குத் தெரியும். அதை வெளியே சொல்லக்கூடாது என்று அம்மா வாயில் விரல் வைத்துக் காட்டியிருந்தாள்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். நாடுகள் சண்டை போடாமல் இருப்பது எப்படி, போட்டால் நிறுத்துவது எப்படி என்று அங்கே படிப்பு சொல்லிக் கொடுத்தார்கள். அப்படி ஒரு படிப்பு இருப்பதே எங்கள் தெருவில் பலருக்குச் சிரிப்பாக இருந்தது. வேனை நிறுத்திவிட்டு மாமா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார். ஏ.சி.க்காகத்தான் என்பார். ஆனால் வீட்டுக்கு வந்தால் எங்களுக்குப் பாடம் நடத்துவார்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவிடம் வந்து நின்றார். அக்காள் புருஷனையும் பெரியப்பாவையும் அவர் ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவார்.

“மாமா, ஞாயித்துக்கெழம ரெண்டு ஃபாரின்காரங்க வராங்க. நம்ம சண்டையப் பாக்கணுமாம்.”

“சண்டையப் பாக்க இது என்ன சர்க்கஸாடா?”

“படிக்கிறவங்க மாமா. பேஜார் பண்ணாதீங்க. சும்மா சேர்ல உக்காந்தா போதும்.”

“அவரு உக்காருவாரா?”

“அவரும் இதையேதான் கேட்டாரு.”

விருந்தாளி முன்னால் தான் குறைந்துபோகக் கூடாதே என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

வந்தவர்களில் ஒருவர் உயரமான மனிதர், தாடி நரைத்திருந்தது. இன்னொருவர் முடியைக் கழுத்தளவு வெட்டிய பெண்மணி. இருவரும் பள்ளி ஆசிரியர்கள் என்றும், பக்கத்துப் பக்கத்து நாடுகள் என்றும், அந்த நாடுகள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டவை என்றும் மாமா சொன்னார். இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் ஒரே பாடத்தைப் படிக்கும்படி ஒரு புத்தகம் எழுதத்தான் இங்கே வந்திருக்கிறார்களாம். நாடுகளின் பெயர் என் வாயில் நுழையவில்லை. எனக்கிருந்த கவலையெல்லாம் எங்கள் வீட்டில் மறுபடி ஸ்பேனர் பறந்தால் வெளிநாட்டுக்காரர்கள் மேல் பட்டுவிடுமே என்பதுதான். காலையிலேயே ஸ்பேனரை எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டேன்.

சம்ப்பு மூடியைச் சுற்றி மாமா பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார். அப்பாவும் பெரியப்பாவும் எதிரெதிரே. இரண்டு வீட்டிலிருந்தும் காபி வந்தது. விருந்தாளிகள் பாவம், இரண்டையும் குடித்தார்கள்.

“ரூல்ஸ் சொல்லிடறேன்,” என்றார் மாமா. “ஒருத்தர் நடந்ததச் சொல்லணும். மத்தவங்க குறுக்க பேசக்கூடாது. அப்புறம் கேட்டவர் அதையே திருப்பிச் சொல்லணும். மொதல்ல சொன்னவர் ‘ஆமா, அதான்’னு சொல்ற வரைக்கும் விடக்கூடாது.”

“அவன் சொன்னத நான் ஏன்டா சொல்லணும்?” என்றார் பெரியப்பா.

“கிளாஸ்ல பெரிய பெரிய தூதருங்கல்லாம் செய்றாங்க, மாமா.”

தூதர்கள் செய்வது என்றதும் பெரியப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவரே முதலில் சொன்னார். வந்தவர்கள் முன்னால் தலைகுனிந்தது, சொம்பு காலியாக இருந்தது, மாப்பிள்ளையின் தகப்பனார் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டது எல்லாம் சொன்னார். மாமா அதைத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விருந்தாளிகளுக்குச் சொன்னார். பிறகு அப்பா திருப்பிச் சொல்லத் தொடங்கினார்.

“அவருக்குத் தண்ணி இல்லயாம். கோவம் வந்துச்சாம். எறிஞ்சாராம்.”

“அது இல்ல,” என்றார் பெரியப்பா. “மோட்டார் மேல எறிஞ்சேன்.”

“மோட்டார் மேல எறிஞ்சாராம். நான்தான் போய்க் குறுக்க நின்னேனாம்.”

அக்கா ஜன்னலுக்குப் பின்னால் சிரித்துவிட்டாள். பெரியப்பா “ஆமா, அதான்” என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

அப்பாவின் முறை வந்தது. “அவசரம், அதனால போட்டேன்,” என்றார். அவ்வளவுதான். அதைப் பெரியப்பா எப்படித் திருப்பிச் சொல்வார்? “என்ன அவசரம்?” என்றார். அந்தப் பெண்மணியும் அதையே கேட்டார். அப்பா குனிந்து காபி டம்ளரை எடுத்துக்கொண்டார். பெரியப்பாவின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. எழுந்துவிடுவார், கல்யாணம் போச்சு, என்று எனக்குத் தோன்றியது. பயத்தில்தான் சொன்னேன், தைரியத்தில் இல்லை.

“எனக்கு அம்மை போட்டிருந்திச்சு பெரியப்பா. அன்னிக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தற நாளு.”

எனக்குக் காய்ச்சல் என்றுதான் பெரியப்பா வீட்டில் சொல்லியிருந்தது. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதைத் தள்ளிப்போட அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா சம்ப்பு மூடியைப் பார்த்தபடி, பழக்கத்தில், கன்னடத்தில் ஏதோ முனகினார்.

“தமிழ்ல சொல்லுடா!” என்று பெரியப்பா கத்தினார்.

“பொண்ணு பாக்க வரவங்க காதுல விழுந்தா வாசலோட திரும்பிடுவாங்கண்ணா. அதான் வேப்பிலகூட கட்டல.”

பெரியப்பா அப்பாவின் நெற்றியையே பார்த்தார். பிறகு மாமா கேட்காமலே திருப்பிச் சொன்னார். “எம் பொண்ணுக்கு நல்ல இடம் தட்டிப்போயிடக் கூடாதுன்னு இவன் வாய மூடிட்டான். அதுக்கு நான் இவன் மண்டைய ஒடச்சேன்.” அப்பா ‘ஆமா, அதான்’ என்று சொல்லியிருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டினார். அம்மா உள்ளேயிருந்து மூன்றாவது காபியோடு வந்துவிட்டாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் அதற்குள் விருந்தாளிகளுக்குள் என்னவோ ஆகிவிட்டது. அந்த உயரமான மனிதர் பெண்மணியின் பக்கம் நாற்காலியைத் திருப்பி, இங்கிலீஷை விட்டுவிட்டு, எங்களுக்குப் புரியாத ஒரு மொழியில் பேச ஆரம்பித்தார். வார்த்தை தடுக்கித் தடுக்கி வந்தது. அந்த அம்மாள் குறுக்கே வெட்டினார். மனிதர் மறுபடி சொன்னார், அம்மாள் மறுபடி வெட்டினார். குரல் ஏறியது. அம்மாளின் முகம் சிவந்து கண்ணில் நீர் நின்றது. டம்ளரைக் கீழே வைத்த வேகத்தில் காபி சிந்தியது. எங்கள் சண்டை அவர்களுக்குத் தொற்றிக்கொண்டது என்றே நினைத்தேன். என் அம்மைதான் தொற்றிவிட்டதோ என்றுகூட ஒரு கணம் பயந்தேன்.

“மாமா, வெலக்கி விடுங்க!” என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“சும்மா இரு. கிட்ட போவாத,” என்றார். சிரித்த மாதிரி இருந்தது. எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது.

கல்யாணத்தில் அப்பாதான் பந்தியைப் பார்த்துக்கொண்டார். பெரியப்பா மேடையிலிருந்து நிமிஷத்துக்கு ஒருதரம் “எங்கடா போன?” என்று தமிழில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டேன். அதற்கு நடுவிலும் அந்த இரண்டு பேர் ஊருக்குப் போய் மறுபடி சண்டையை மூட்டிவிட்டிருப்பார்களோ என்ற கவலை வந்து வந்து போனது.

எனக்குக் கல்யாணமாகி, அதே பெங்களூரில் ஈஜிபுராவுக்கு வந்த பிறகு, பேச்சுவாக்கில் மாமா சொன்னார். அந்த இருவரும் ஒரு பாடத்தில் முட்டிக்கொண்டு, வேனில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்துபோய்க்கொண்டிருந்தார்களாம். அந்த அம்மாளின் ஊர் எரிந்த நாளைப் பற்றிய பாடம் அது. எங்கள் சண்டையைக் காட்டப்போகிறேன் என்று சொல்லித்தான் இருவரையும் ஏற்றிவந்தாராம். அன்று முற்றத்தில் அந்த மனிதர் பேசியது அந்த அம்மாளின் மொழி. அந்த அம்மாளின் ஊர் எரிந்த கதையை அந்த அம்மாளுக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா சொன்ன ரூல்ஸ்படியே, அந்த அம்மாள் விடாமல் திருத்திக்கொண்டிருந்தார்.

அன்று கடைசியில் அந்த அம்மாள் ஒரே ஒரு சொல் சொன்னார். அதோடு அந்த மனிதர் பேச்சை நிறுத்தி முகத்தைப் பொத்திக்கொண்டார். எவ்வளவு கொடுமையான வசவாக இருக்கும் அது என்று, பாவாடையைப் பிடித்துக்கொண்டு கதவோரமாக நடுங்கிக்கொண்டிருந்தேன் நான்.