நீர்மட்டம் 4712

அலுவலகத்தில் அவளை ஆன்டெனா அக்கா என்பார்கள். நாற்பத்தொரு வயது, குடிநீர் வாரியத்தில் டெக்னீஷியன். ஆற்றங்கரை பம்ப் ஹவுஸில் ஒரு கன்ட்ரோலர், ஒன்பது கிலோமீட்டர் தள்ளிக் குன்றின்மேல் தொட்டிக்கு அடியில் இன்னொன்று. கேபிள் இழுக்க வழியில்லாத அந்த இரண்டையும் ரேடியோ மோடம் வைத்துப் பேசவைத்தது அவள்தான். பத்து விநாடிக்கு ஒருமுறை கீழே இருப்பது தண்ணீர் எவ்வளவு என்று கேட்கும். மேலே இருப்பது சென்டிமீட்டரில் பதில் அனுப்பும். அதைப் பார்த்து பம்ப் ஓடும், நிற்கும்.

அது ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் தொட்டிக் காவலாளியை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அவளுக்கு மட்டும் மாற்றல் தர மறுத்தார்கள். கணவனும் பத்து வயது மகளும் ஆறு மணி நேர பஸ் தூரத்தில் இருந்தார்கள். இரண்டு முறை மனு கொடுத்தாயிற்று. "நீங்க போயிட்டா இதை யாரு பாக்கிறது?" என்றார் பொறியாளர், பாராட்டுகிற குரலில். எப்போது வருவாய் என்று கேட்பதையே மகள் நிறுத்தியிருந்தாள்.

ஒருநாள் காலை, சிக்னல் விட்டு விட்டுப் போகிறதென்று வாரிய ஜீப்பில் குன்றுக்குப் போனாள். ஆன்டெனா வயர் முனையில் ஈரம் இறங்கியிருந்தது. அதை வெட்டிப் புதிதாகப் போட்டாள். வேலை முடிந்ததும் டிரைவர் ஏணியைத் திருப்பிக் கொடுக்க ஜீப்பில் கிளம்பினார். அதில் சார்ஜில் கிடந்த அவள் போனும் கூடவே போய்விட்டது. அவள் தொட்டிக்கு அடியில் உள்ள அறைக்குள் லேப்டாப்பை மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, காற்றில் இரும்புக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

ஜன்னல் இல்லாத அறை. கதவைத் தட்டினாள், உதைத்தாள், தொண்டை கட்டும்வரை கத்தினாள். குன்றில் ஈ காக்கை இல்லை. அங்கே ஆளே வேண்டாம் என்று ஆக்கியதும் அவள் வேலைதானே! டிரைவர் சாப்பிட்டுவிட்டு வர நாலு மணியாகும். வெயில் ஏற ஏற சுவர் தகித்தது. தலைக்குமேல் பத்து லட்சம் லிட்டர் தண்ணீர். கையில் கால் பாட்டில்.

எதிரே மோடத்தின் பச்சை விளக்கு நிதானமாக மின்னிக்கொண்டிருந்தது. அவள் லேப்டாப்பை இழுத்து, நீர்மட்டத்துக்குப் பதில் 999 என்று அடித்தாள். தொட்டியின் உயரமே அறுநூறுதான். கீழே சைரன் அலறியிருக்கும்.

அலறத்தான் செய்தது. பம்ப் ஆபரேட்டர் அதை அணைத்தார். அவள் போனுக்கு அடித்துப் பார்த்தார், யாரும் எடுக்கவில்லை. 'ரிப்பேர் பண்ணி இன்னும் கெடுத்துட்டாங்க' என்று பம்ப்பைக் கையால் ஓட்ட ஆரம்பித்துவிட்டார். தானாக நின்றிருக்க வேண்டிய பம்ப் ஓடி, உண்மையான மட்டம் தொடர்ந்து ஏறுவதை லேப்டாப்பில் பார்த்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. வாய்விட்டுத் திட்டினாள்.

கருவி கெட்டால் வராத ஒரு எண்ணை அனுப்ப வேண்டும். ஆபரேட்டர் தினமும் கூப்பிடுகிறவர். அவர் போன் நம்பரின் கடைசி நான்கு இலக்கம் அவளுக்கு மனப்பாடம். 4712 என்று அடித்தாள். பிறகு சைபர். மறுபடி 4712. மறுபடி சைபர். விரல் வியர்வையில் வழுக்கியது.

ஏழாவது தடவையில்தான் ஆபரேட்டர் திரையை உற்றுப் பார்த்தார். "இது என் நம்பராச்சே!"

அரை மணி நேரத்தில் குன்றில் பைக் சத்தம். கதவு திறந்தது.

"ஏம்மா, உள்ள என்ன பண்றே?"

"அண்ணே... தண்ணி."

"தொட்டிக்கு அடியிலயே உக்காந்துக்கிட்டு என்கிட்ட தண்ணி கேக்கிறியே!"

அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அழுகையாக மாறியது.

மறுநாள் பொறியாளர், "இந்தச் சாமர்த்தியத்துக்குத்தான் உங்களை விட மனசு வரல" என்றார். அவள் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

நான்காம் நாள் சிக்னல் போனது. ஆபரேட்டர் குன்றேறிப் போன் செய்தார். எந்த வயரைக் கழற்றுவது, எந்தப் பெட்டியை அணைத்துப் போடுவது என்று அவள் சொல்லச் சொல்ல, இருபது நிமிடத்தில் சரியாகிவிட்டது. மாற்றல் உத்தரவு இன்றுவரை வரவில்லை.

அன்று மகள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவ்வளவுதானா? இதுக்காம்மா நீ அங்கயே இருந்தே?" என்றாள்.

அவள் போனைக் கீழே வைத்தாள். மூன்றாவது மனு எழுத மகளிடம் ஒரு தாள் கேட்டாள்.