கேட்காமல் நிரப்பிய ஐந்து பதில்கள்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டு நான்கு நாட்களான சமயம். இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கமுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் இது நடந்தது. மண்சரிவு அபாயம் உள்ள லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் போய், வீடு வீடாக விசாரித்துப் படிவம் நிரப்புவது எங்கள் வேலை. நான் கட்டுமானத் துறையில் டிப்ளோமா முடித்தவள். ஹட்டனுக்கு அருகில் ஒரு லயத்திலேயே பிறந்து வளர்ந்தவள். என்னோடு வந்தவள் யாழ்ப்பாணத்துப் பெண். என் வயதுதான், என் படிப்புதான். வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அவளிடம் எனக்குப் பிடிக்காதவற்றை அப்போது வரிசையாகச் சொல்லியிருப்பேன். எதையும் நேரத்துக்கு முடிக்க மாட்டாள். படிவத்தில் பாதியை வெறுமையாக விடுவாள். முன்பின் தெரியாத யாரிடமும் பேச்சுக் கொடுப்பாள். அன்று காலை ஹட்டனிலிருந்து பஸ் நோர்வூட் போய்ச் சேர்வதற்குள், பக்கத்து இருக்கை அம்மாவின் மகள் கல்யாணக் கதை முழுவதையும் கேட்டு முடித்து, ஒரு பை கொய்யாப்பழமும் வாங்கிக்கொண்டாள். நான் பத்து வருடமாக அந்தப் பாதையில் போகிறேன். எனக்கு யாரும் ஒரு பழம் தந்ததில்லை.

லயத்தில் பன்னிரண்டு வீடுகள். ஆளுக்கு ஆறாகப் பிரித்துக்கொண்டோம். வீட்டுக்கு முப்பத்தாறு கேள்விகள். நான் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். அவளைத் தேடினால், நான் முதலில் விசாரித்துவிட்டு வந்த வீட்டு அக்காவோடு வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் "ஆமாங்க", "இல்லீங்க" என்பதைத் தவிர வேறு பேசாத அக்கா, அவளிடம் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். என் சனம், என் ஊர்ப் பேச்சு. ஆனால் சிரிப்பு அவளுக்கு.

"எங்கட ஊரில கிணறுதான் அக்கா. மலையில இருந்து தண்ணி தானா வந்து விழுறதை இப்பத்தான் பாக்கிறன். எப்பவும் இந்த நிறமோ?" என்று கேட்டாள், அந்த லயத்தின் தண்ணீர்ப் பீலியைக் காட்டி.

"ஐயோ, இல்லீங்க! மழ பேஞ்சா ஒரு நா கலங்கும், மறுநா தெளிஞ்சிரும். இப்பதான் மழ விட்டு நாலு நாளாகியும் தெளியல. தண்ணியும் கொறஞ்சிருச்சு. குசினிக்குப் பின்னால புதுசா ஒரு எடத்துல கசியுது."

மண்சரிவுக்கு முன் வரும் அறிகுறிகள் அவை; கேட்ட உடனேயே நான் பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. "பீலித் தண்ணி கலங்குறது இங்க சகஜம். உங்களுக்குப் புதுசு, அதான்" என்றேன்.

"அப்ப வாங்கோ, போய்ப் பாப்பம்" என்று எழுந்தாள்.

பீலியை நோக்கி நடந்தபோது தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்பினேன். அந்தப் பன்னிரண்டு குடும்பங்களுக்காக அல்ல. அவள் தோற்க வேண்டும் என்பதற்காக.

செம்மண் நிறத்தில் தண்ணீர் நூலாக விழுந்துகொண்டிருந்தது. சமையல்கட்டான குசினியின் சுவருக்குப் பின்னால் மண் ஊறிக் கிடந்தது. கொஞ்சம் மேலே ஏறினால், தேயிலைச் செடிகளுக்கு நடுவே கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு.

என் படிவங்களைப் புரட்டினேன். தண்ணீரைப் பற்றிய ஐந்து கேள்விகளுக்கும், ஆறு வீடுகளிலும், 'மாற்றம் இல்லை'. அவற்றை நான் யாரிடமும் கேட்கவே இல்லை. பீலித் தண்ணீரில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா என்று நானே நிரப்பியிருந்தேன்.

"ஏன்க்கா, எங்கிட்ட சொல்லல?" என்று கூடவே வந்திருந்த அக்காவிடம் கேட்டேன்.

"நீங்க நம்ம தோட்டத்துப் புள்ள. ஒங்களுக்குத் தெரியாததயா நான் சொல்லப் போறேன்? பாவம், அந்தப் புள்ளைக்குத்தான் ஒன்னுமே தெரியல!"

"ஒண்டும் தெரியாட்டி இப்பிடித் தேத்தண்ணியும் கிடைக்கும்" என்றாள் அவள் என்னைப் பார்த்து. இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிவங்களைக் கிழித்துவிட்டு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

அன்று மாலைக்குள் பன்னிரண்டு குடும்பங்களையும் தோட்டத்துப் பாடசாலைக்கு மாற்றினார்கள். மூன்றாம் நாள் காலை, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சரிவு இறங்கியது. குசினி வரிசை முழுவதும் மண்ணுக்குள் போனது. உள்ளே யாரும் இல்லை.

அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார்கள். நானும் கை தட்டினேன். அப்போதும் வயிறு எரிந்தது. மறைத்து என்ன பயன்?

இப்போது அவள் சொந்த மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். நான் தனியாகப் போகிறேன். படிவத்தைப் பையிலேயே வைத்துவிட்டு, தெரியும் என்று நான் நினைப்பதை முதலில் கேட்கிறேன். முன்பின் அறியாதவர்களிடம் பேச்சைத் தொடங்க இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்த அக்கா மட்டும் என்னைப் பார்த்ததும் தானே ஆரம்பிப்பார்: "அந்த யாழ்ப்பாணத்துப் புள்ள வரலீங்களா?"

அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைக்கிறது. ஆனால் அவளை விசாரிக்கத் திறந்த வாய்தான் அடுத்த அரை மணி நேரம் எனக்குத் தெரியாதவற்றையெல்லாம் சொல்கிறது என்பதால், பொறாமையோடே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.